கொசு அறையில் யார் முறை

திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள கொசுராணிக்கு,

நான் நலம். நீ வளர்த்துவிட்டுப் போன கொசுக்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. நீயும், உன் வீட்டுக்காரரும், வீட்டையே ஆட்டிவைக்கும் அந்தச் சின்னக்குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நீ "சரி சரி, பாத்துக்கலாம்" என்கிறாய். பிறகு குழந்தை அழுகிறாள் என்று வைத்துவிடுகிறாய். ஒரு தடவைகூட எனக்கு அந்த அழுகை கேட்டதில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாலும், திரும்பி வரும்போது அது அங்கேயே கிடக்கும். அதனால்தான்.

முதலில் உன் ராஜினாமா. இயக்குநரிடம் கொடுத்துவிடச் சொல்லி எனக்கு அனுப்பினாயே, அதை நான் கொடுக்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் பஞ்சு உருண்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. திட்டுவதென்றால் நன்றாகத் திட்டிக்கொள். குழந்தைக்காக வேலையை விடுகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறாய். அதை இயக்குநர் நம்புவார், உன் மாமியார் நம்புவார், நான் நம்பமாட்டேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கடைசி நாள்வரை கொசுப்புழுத் தட்டுகளுக்குத் தண்ணீர் மாற்றியவள் நீ. குழந்தை உன்னை வேலையை விட வைக்கவில்லை. நாம் இஸ்திரி என்று பெயர் வைத்திருக்கும் அந்த ஆய்வாளரின் அறிக்கைதான் விட வைக்கிறது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஆய்வக அங்கியைக்கூட மடிப்புக் கலையாமல் போடுகிற மனிதர், சோதனையையும் அப்படித்தான் சுத்தமாகச் செய்தார். வேலியோரத்தில் யாரும் சீந்தாத அந்தச் செடியின் எண்ணெயைத் தடவினால் கொசு அண்டாது என்று நீ கண்டுபிடித்தாய். ஊரே பாராட்டியது. அதைக் களிம்பாக்கலாமா என்று பார்ப்பதற்கு முன்னால் இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பது விதி. இஸ்திரி செய்தார். எண்ணெய் தடவிய கையில் கொசுக்கள் கல்யாணப் பந்தியில் உட்காருவதுபோல வந்து உட்கார்ந்தன. உன் கண்டுபிடிப்பு நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த குழுக் கூட்டத்தில் உன் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. நீயோ தொலைவில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டாய்.

எனக்கு அது ஒப்பவில்லை. உன் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கொஞ்சம் பொறு என்று மட்டும் கேட்கிறேன்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். அறிவியலில் பெண்களைக் கொண்டாடும் விழா இந்த வாரம் வருகிறதல்லவா, வாசலில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். நடுவில் யார் படம் தெரியுமா? உன் படம். நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாய், கீழே "எங்கள் பெருமை" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பேனருக்கு அடியில் நின்றுகொண்டுதான் இஸ்திரி உன் திட்டத்தை எந்தத் தேதியில் மூடுவது என்று இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பதா, செருப்பைக் கழற்றுவதா என்று தெரியவில்லை.

கூண்டுக் கொசுக்களுக்குக் கை நீட்டி ரத்தம் கொடுக்க ஆள் குறிப்பதற்காக, கொசு அறைக் கதவில் நீ மாட்டிய "யார் முறை?" பலகை அப்படியே இருக்கிறது. நீ போன புதிதில் அதில் நாலைந்து பேர் பெயர் இருந்தது. ஒருவருக்கு ஒவ்வாமை, ஒருவருக்கு ஓயாத கூட்டம், ஒருவருக்கு மனைவி திட்டுகிறாராம். இப்போது எல்லாக் கிழமையிலும் என் பெயர்தான். கையைக் கூண்டுக்குள் விட்டுவிட்டு மறுகையால் புத்தகம் படிக்கப் பழகிவிட்டேன். செயற்கையாக ரத்தம் ஊட்டும் கருவி வேண்டும் என்று நீ எழுதிக் கொடுத்தது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. அம்மா என் கையைப் பார்த்துப் பார்த்துப் புலம்புகிறாள். "ஊர் உலகத்துல எல்லாரும் கொசுவ விரட்டக் காசு கொடுக்கிறாங்க. நீ மட்டும்தான் சம்பளம் வாங்கிக்கிட்டு கடி வாங்குற" என்கிறாள். உண்மைதானே.

ஆனால் நீ இதற்காக வருத்தப்படாதே. உன் விடுப்பு இருக்கும்வரைதான் எனக்கு இந்தத் தற்காலிக வேலை. அதுவரை உன் முறையையும் சேர்த்துச் செய்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சின்னக்குட்டியின் கன்னத்தைக் கிள்ளாமல் முத்தம் கொடு.

என்றும் உன்,
குச்சி


சனிக்கிழமை

என் கொசுராணிக்கு,

உன் பதில் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. முழுக்கப் படி, நடுவில் எழுந்து போகாதே.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே எனக்குக் காய்ச்சல். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை கலந்த ரத்தத்தைக் கொசுவுக்குக் கொடுக்கக் கூடாது என்று நீதானே சொல்லியிருக்கிறாய். ஆனால் கொசுக்கள் பட்டினியாகக் கிடந்தால் முட்டை வராது. யாரைக் கேட்பது? மேல்மாடியில் வேதியியல் பிரிவில் இருக்கும் அக்காவைத்தான் கேட்டேன். உன் செடியின் இலையிலிருந்து எண்ணெய் இறக்கித் தந்த அதே மாடி அக்கா. அமிலத்துக்கே பயப்படாதவள் கொசுவுக்கா பயப்படுவாள், உடனே வந்துவிட்டாள். முழங்கை வரை சுருட்டிக் கையைக் கூண்டுக்குள் விட்டாள்.

ஒரு கொசுகூட அவளைச் சீண்டவில்லை.

கம்பியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தன. ஒன்றிரண்டு கிட்டே வந்து, முகர்ந்து பார்த்ததுபோலத் திரும்பிப் போயின. அக்காவுக்கு மானம் போய்விட்டது. "ஏன்டி, என் ரத்தத்துக்கு என்ன குறைச்சல்?" என்றாள். எனக்கு வேறு பயம் பிடித்தது. நான் காய்ச்சலில் படுத்ததில் தண்ணீரில் ஏதோ கெட்டு, கூண்டு முழுக்க நோய் வந்துவிட்டது, உன் கொசுக்களை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்க என் கையைக் கூண்டுக்கு வெளியே வலையோடு ஒட்டி வைத்தேன். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் பாய்ந்தது. வலை மட்டும் இல்லாவிட்டால் என்னைத் தூக்கிக்கொண்டே போயிருக்கும்.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கதவுப் பலகையில் வரிசையாக இருக்கும் என் பெயர் நினைவுக்கு வந்தது.

புரிகிறதா உனக்கு? நீ போனதிலிருந்து கூண்டுக்குள் போனது என் கை ஒன்றுதான். என் கை பிடித்துப்போன கொசு குடித்தது, முட்டை போட்டது. பிடிக்காத கொசு பட்டினி கிடந்து வாரிசு இல்லாமல் செத்தது. குடித்ததன் பிள்ளைகளுக்கும் என் கை, பேரப்பிள்ளைகளுக்கும் என் கை. தலைமுறை தலைமுறையாக வடிகட்டி வடிகட்டி, இப்போது கூண்டில் இருப்பதெல்லாம் என்னைத் தவிர வேறு யாரையும் தெரியாத கொசுக்கள். இஸ்திரி உன் எண்ணெயைச் சோதிக்கக் கை கேட்டபோது யார் நீட்டியது? நான்தான். அந்தக் கையில் எண்ணெய் என்ன, தாரையே பூசியிருந்தாலும் அவை கடித்திருக்கும்.

முறை போட்டுக் கடி வாங்குவது நம் கைகளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம், இல்லையா? நம் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கொசு ஒருவரிடமே பழகிவிடக் கூடாது என்பதற்கும் அதுதான் காவல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் உனக்கு நல்லது செய்வதாக நினைத்து எல்லா முறையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடைசியில் உன் உழைப்புக்கு நானே உலை வைத்திருக்கிறேன். இதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உட்கார்ந்து அழுவதற்கு இப்போது நேரம் இல்லை.

நீ ஊருக்குக் கிளம்புமுன் காயவைத்து டப்பாவில் அடைத்த முட்டைத் தாள்கள் இருக்கின்றனவே, அவை பத்திரமாக இருக்கின்றன. என் கையை அறியாத கொசுக்களின் முட்டை. நேற்றே தண்ணீரில் போட்டுவிட்டேன். இன்று காலையில் எட்டிப் பார்த்தால் தூசு மாதிரி புழுக்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுவைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விழா நன்றாகவே நடந்தது. ஆளுக்கொரு ரோஜா, ஆளுக்கொரு கேடயம். ஆண்கள் பேசினார்கள், நாங்கள் உட்கார்ந்து கை தட்டினோம். இயக்குநர் உன்னைப் பற்றி உருகி உருகிப் பேசினார், குடும்பத்தையும் ஆராய்ச்சியையும் இரு கண்களாகப் பார்ப்பவளாம் நீ. முடிந்ததும் நான் நேராக மாடி அக்காவை இழுத்துக்கொண்டு போய் அவரிடம் கொசு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தணித்து, இப்படியே விட்டுவிட்டால் எனக்கும் நல்லதுதானே என்றார். நீ விலகினால் தேர்வுப் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது, உன் இடம் எனக்கு நிரந்தரமாகும், நீ திரும்பி வந்தால் அன்றோடு என் வேலை முடியும், இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றும் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்கு என்மேல் பிரியம் உண்டு. தெரியும் என்று சொன்னேன். புதுக் கொசுக்கள் வளர்ந்ததும் மறுபடி சோதனை நடத்த அனுமதி வேண்டும் என்றும் சொன்னேன். கொடுத்துவிட்டார்.

இதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதும்போது பேனா தானாக எழுதிவிட்டது, அடிக்கவும் மனமில்லை. நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உன் ராஜினாமாவை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பஞ்சு ஒட்டியிருந்தால் தட்டிவிடு. குழந்தை கிழித்து விளையாட நல்ல கெட்டித் தாள்.

உன் நலம் நாடும்,
குச்சி


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கொசுராணிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று நான் சொன்னதற்குத்தான் நீ அத்தனை பக்கம் பதில் எழுதியிருக்கிறாய். படித்தேன். கோபத்தோடு ஒருமுறை படித்தேன், கோபம் இல்லாமல் படிக்கலாம் என்று மறுபடி எடுத்தேன், முடியவில்லை.

சோதனை முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுகிறேன்.

இந்த மூன்று வாரத்தில் புதுக் கொசுக்கள் நன்றாக வளர்ந்தன. கைகளுக்குத்தான் என்ன செய்வதென்று கவலைப்பட்டேன். மாடி அக்கா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் கொசு அறை வாசலில் வரிசை நிற்கிறது. கணக்குப் பிரிவு அம்மா, நூலகத்துப் பெண், இயற்பியல் படிக்க வந்திருக்கும் இரண்டு மாணவிகள், விழாவில் பாட்டுப் பாடிய தட்டச்சுக்காரப் பெண். எல்லோரும் ஒரு கையில் எண்ணெய் தடவி, மறுகையை வெறுமனே விட்டு, ஒவ்வொருவராகக் கூண்டில் கைவிட்டார்கள். கணக்குப் பிரிவு அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டே நின்றாள். பாதியில் இஸ்திரி வந்தார். எட்டிப் பார்த்தார், கொஞ்சம் நின்றார், பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் மடிப்புக் கலைந்ததை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எண்ணெய் இல்லாத அவர் கை பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது, ஒவ்வாமை என்று அவர் சொன்னது பொய் இல்லை போலிருக்கிறது. எண்ணெய் தடவிய கையில் ஒரு கடியும் இல்லை.

ஒருவர் கையிலும் இல்லை. வெறும் கைகளில் எல்லாம் தடிப்பு, எண்ணெய்க் கைகள் எல்லாம் சுத்தம். என் கையிலும் அப்படியேதான். உன் எண்ணெய் வேலை செய்கிறது. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை இரண்டு முறை படி.

இஸ்திரி தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஏன் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். குழு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் நீ நேரில் வந்து உன் ஆய்வைப் பற்றி நீயே பேச வேண்டும், அன்றே பணியிலும் சேர வேண்டும். உனக்குப் பதிலாக நான் பேசலாமா என்று இயக்குநர் கேட்டார். மாட்டேன் என்றுவிட்டேன். உனக்குப் பதிலாக நான் செய்தவரை போதும்.

இனி சண்டை. உன் இடத்தில் நான் உட்கார வேண்டுமாம். உனக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாராம், எனக்கு அம்மாவை விட்டால் யாரும் இல்லையாம், அதனால் நீ விட்டுக்கொடுக்கிறாயாம். எவ்வளவு பெரிய மனசு. ஏன்டி, நாற்காலி என்ன, உனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தள்ளிவிடுகிற பலகாரமா? விட்டுக்கொடுக்கிற பழக்கம் நமக்கு நன்றாகவே வரும். இந்தக் கட்டடத்தில் பாதி வேலை அதில்தான் ஓடுகிறது. நான் உனக்காக எல்லா முறையையும் எடுத்துக்கொண்டேன், உன் ஆராய்ச்சி சாகப் பார்த்தது. நீ எனக்காக எழுந்து போனால், பேனரில் உன் படமும் நாற்காலியில் என் முதுகும் மிஞ்சும். மேல்மாடியில் இப்போதே ஒரே ஒரு அக்காதான் இருக்கிறாள். ஒருத்தி போய் ஒருத்தி வந்தால் ஆராய்ச்சியில் பெண்கள் கணக்கு எப்போது ஏறும்? எனக்கு நீயும் வேண்டும், நானும் இருக்க வேண்டும். நான் இருப்பதற்கு வழியை நான் பார்த்துக்கொள்கிறேன். கொசுக்கள் ஒரே கைக்குப் பழகுவதைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை யாரும் கவனிக்காத விஷயம் என்று மாடி அக்கா சொல்கிறாள். அதைக் காட்டி வேறு இடங்களில் வேலை கேட்பேன். கிடைக்கும். கிடைக்காமல் கொஞ்ச நாள் இழுத்தாலும் அம்மாவும் நானும் சமாளிப்போம், அவளிடம் சொல்லியாயிற்று. என் கையை எடுத்துத் தடிப்புகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு வரட்டும். அவ வந்தாத்தான் உன் கை ஆறும்" என்றாள்.

உன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எழுத வரவில்லை. கோபமாக எழுதினால் உனக்குப் புரியும் என்று எழுதியிருக்கிறேன்.

குழந்தையை எங்கே விடுவது என்று கடைசிப் பக்கத்தில் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாய். உன் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறது. மற்ற நாட்களுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஏற்பாடு செய்யலாம், கணக்குப் பிரிவு அம்மாவுக்குத் தெரிந்த நல்ல காப்பகம் ஒன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது. கூட்டத்தன்று எதற்கும் கவலைப்படாதே. அழைத்து வா. நீ உள்ளே போய், உன் அந்தப் பெரிய குரலில், யாருக்கும் பயப்படாமல் பேசு. வெளியே வராந்தாவில் நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருக்காது.

நீயும் குழந்தையும் நோய் நொடியில்லாமல் வந்து சேருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உன் குச்சி